சென்னை வழியாகப் பத்துபஸ்தி

பத்துபஸ்தி வீட்டின் முன்னறையில் அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் இருக்கிறது. தூசி படாமல் அதன்மேல் அப்பா போர்த்தி வைத்த பழைய வேட்டியையும் நான் எடுக்கவில்லை. எங்கள் தீவுகளிலேயே வடக்கே, அரை நாள் பஸ் தூரத்தில் இருக்கும் ரங்கத்துக்கு எனக்கு மாற்றல் வந்தபோது சான்றிதழ்கள், குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. ரங்கத்திலிருந்தே அதைத் திறக்க ஒரு வழி செய்தேன். எங்கள் வீட்டு இணைப்புக்குள் வெளியிலிருந்து நேராக நுழைய முடியாது. அதனால் சென்னையில் நண்பன் ஒருவனின் கம்ப்யூட்டரை நடுவில் வைத்தோம். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வந்ததும் அது தானாகவே சென்னையோடு தொடர்பு கொண்டு நிற்கும். நான் சென்னைக்குள் போய், அங்கிருந்து வீட்டுக்குள் நுழைவேன்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அந்த வீட்டில் தனியாக இருந்த அப்பாவுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு. "ஒரே ரோட்டுல இருக்கிற வீட்டுக்கு கடலுக்கு அந்தாண்ட மெயின்லேண்டைச் சுத்திக்கிட்டா வர்றே? விடியக்காலை பஸ் ஏறினா மத்தியானச் சோத்துக்கு வந்துரலாமேடா" என்றார். நானும் சிரித்தேன். மடையன் நான், அவர் என்ன கேட்டார் என்று அப்போது உறைக்கவில்லை.

ஒருமுறை இடி விழுந்து டிவி கருகியதிலிருந்து, படுக்கும்முன் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுவது அப்பாவின் வழக்கம். காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, எட்டு மணிக்குத்தான் மறுபடி சொருகுவார். அந்நேரத்துக்கு மொபைலில் பார்ப்பேன்; சென்னைக் கம்ப்யூட்டரில் எங்கள் வீட்டு இணைப்பு தெரிந்தால் அப்பா எழுந்து நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். "தினமும் உங்களைப் பார்த்துக்கிட்டுத்தான்ப்பா இருக்கேன்" என்று அவரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். மெல்ல மெல்லப் போன் செய்வது குறைந்தது. கூப்பிட்டால் மட்டும் என்ன, "டீக் ஹை, டீக் ஹை" என்று நலம் சொல்லி வைத்துவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அன்று காலையும் சரியாக எட்டு மணிக்கு வீடு தெரிந்தது. மொபைலை வைத்துவிட்டுக் குளிக்கக் கிளம்பும்போது அது அடித்தது. பத்துபஸ்தியிலிருந்து, பக்கத்து வீட்டு அக்கா.

"தம்பி, அப்பா போயிட்டாரு. விடியக்காலையில. ஆஸ்பத்திரியில."

"இல்லக்கா, இப்பத்தான் எழுந்து பிளக்கைப் போட்டாரு. நான் பார்த்தேனே" என்றேன். என் குரலே எனக்கு யாருடையதோ போலக் கேட்டது.

அக்கா அழ ஆரம்பித்தாள். நெஞ்சுவலி வந்து அப்பா ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். போகும்போது வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்திருக்கிறார்.

"பேத்தி பரீட்சை முடியட்டும், அதுவரைக்கும் அந்தப் பிளக்கை மட்டும் ராத்திரி பிடுங்கி, காலையில எட்டு மணிக்குச் சொருகி விடும்மா, அவன் பார்ப்பான்னு சொன்னாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சாமி மேல கசம் வாங்கிக்கிட்டாரு, தம்பி. இன்னிக்கும் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து, கைப்பழக்கத்துல அதைப் போட்டுட்டுத்தான் உனக்கு அடிக்கிறேன்."

குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி ஓடிவந்து என்ன என்ன என்று கேட்கிறாள். ஒன்பது நாள் காலையும் நான் பார்த்து நிம்மதி அடைந்தது ஆளில்லாத வீட்டை.

அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"போனைத் தலகாணிகிட்டயே வச்சிருந்தாரு, தம்பி. நீ கூப்பிட்டா இருமாம பேசணும்னு அப்பப்ப வெந்நீர் வாங்கிக் குடிப்பாரு."

அந்த ஒன்பது நாளில் நான் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.