மாடி வெயிலில் ஒரு சிவப்புக் கண்ணாடி

சூரிய மின்கலம் என்றால் எல்லோரும் கூரைமேல் இருக்கும் நீலத் தகட்டைத்தான் நினைக்கிறார்கள். நாங்கள் செய்தது வேறு. இரண்டு கண்ணாடி வில்லைகள், உள்ளே வெள்ளைப் பூச்சு, அதில் ஊறிய சிவப்புச் சாயம், கொஞ்சம் அயோடின் கரைசல். சாயம் வெயிலைப் பிடிக்கும், மின்சாரம் வரும். நிறைய வராது. ஆனாலும் அந்தச் சிவப்பை நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

கவரைப்பேட்டைப் பக்கத்துக் கல்லூரியில் நானும் என் தோழியும் ஆராய்ச்சி மாணவிகள். நல்ல கருவி எதுவும் வாங்கித் தரமாட்டார்கள். மொட்டை மாடி, வெயில், ஒரு மல்டிமீட்டர், அவ்வளவுதான்.

சாயத்தின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கும்பலாகிவிடும். உடனே மின்சாரம் குறையும். “கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின் மாரிடி. எல்லாம் வாசப்படியிலயே தொங்கிக்கினு இருந்தா உள்ள யாரு போறது?” என்பாள் தோழி. மாவுச்சத்திலிருந்து எடுக்கும் வளைய வடிவச் சர்க்கரை மூலக்கூறு ஒன்று உண்டு. ஒவ்வொரு சாய மூலக்கூறையும் ஒரு வளையத்துக்குள் உட்கார வைத்தால் கும்பல் சேராது. வேதிப்பிணைப்பு கிடையாது, கிண்ணத்தில் உருண்டை மாதிரி சும்மா உட்காரும். இதற்கு சூப்ராமாலிகுலர் என்று பெரிய பெயர். யோசனை முழுக்க அவளுடையது. இரண்டு வருடம் அதிலேயே கிடந்தாள்.

முதல் நாள் வளையக் கலம், வளையம் போடாத சாதாக் கலத்தை ஜெயித்தது. சாதாவை மேஜைக்குள் வைத்துவிட்டு, இது ஒரு வாரம் தாங்குகிறதா என்று மாடியிலேயே விட்டோம். மின்சாரம் தினமும் இறங்கியது. கடைசியில் சாதாவுக்கும் கீழே போய்விட்டது.

“வளையம் தாங்கலம்மா. வேற தலைப்பு பாரு,” என்றார் பேராசிரியர். இரண்டு வருடத்தை ஒரே வாக்கியத்தில் தூக்கிக் குப்பையில் போட்டார்.

மறுநாள் காலை கலத்தை எடுத்துவர ஏறினோம். தோழி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். திரும்பியபோது அவள் முதுகெல்லாம் கரி. “இன்னாடி இது, அடுப்புல பொரண்டியா?” என்று கத்தினேன். இரும்பு உருக்கும் ஆலைகளின் புகை. கொடியில் காய்ந்த துணியை உதறாமல் மடிக்காத ஊர் இது. உதறுகிறோம் என்பதே மறந்துபோன ஊர். அந்த ஊர்க்காரிகள் இருவருக்கும் கண்ணாடியைத் துடைக்கத் தோன்றவில்லை.

அவள் முதுகைத் தட்டவில்லை. கலத்தைப் பார்த்தாள். துப்பட்டா நுனியை நனைத்துத் துடைத்தாள். மல்டிமீட்டரில் எண் ஏறியது.

பேராசிரியரை மாடிக்கே இழுத்து வந்தோம். இரண்டு கலத்தையும் துடைத்து, ஒரே வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தோம். வளையம்தான் மேலே. “சரி, இதையே பண்ணு,” என்று இறங்கிப் போய்விட்டார்.

“நல்லாக்குதுன்னு சொன்னா வாயிலருந்து முத்து உதுந்துடுமா?” என்றாள் தோழி. உடனே அடுத்து எந்த அளவு வளையம் போடலாம் என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்குப் பசி. நாஷ்டா சாப்பிடாமல் வந்திருந்தோம். ஸ்டேஷன் எதிரில் இட்லி தின்றோம். சுமாரான இட்லிதான். அதைப்போல ருசியாக அதற்கப்புறம் நான் எதையும் தின்றதில்லை.