அக்கா இரண்டாம் முறை சொன்ன சாட்சி

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர், நண்பர், சபையார் அனைவருக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம். இதுபோன்ற மலர்களில் நல்லதை மட்டும் எழுதுவது வழக்கம். நம் திருச்சபையின் வாராந்தரத் தாளைப் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து வருகிறவன் நான். அதனால் அந்த வழக்கம் எனக்கு அத்துப்படி. அப்படி நான் எழுதிக் கொடுத்த ஒன்றுதான் கடைசிக் காலத்தில் அக்காவின் தலையில் பெரிய பாரமாக ஏறியது. ஆகவே இந்த முறை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். யாருக்காவது மனம் நொந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்து வளர்ந்தது சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், பஃபலோ ரோடு அடுக்குமாடிக் குடியிருப்பில். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். அம்மா சீக்கிரமே இறந்துவிட்டார். அக்காவுக்குப் பத்தொன்பது வயதானபோது அப்பாவும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். எனக்குப் பதினொரு வயது. அக்கா படிப்பை நிறுத்திவிட்டுச் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் பேருந்தைப் பிடித்துப் போவார். வந்ததும் சமைப்பார், என் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பார், தப்பு இருந்தால் காதைத் திருகுவார். நான் பாலிடெக்னிக் முடித்தது அந்தத் திருகலில்தான். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களை, "உங்களுக்கு வேற வேலை இல்லையா லா?" என்று சிரித்தபடியே அனுப்பிவிடுவார். நான் மணமுடித்த பிறகும் எங்களோடுதான் இருந்தார். என் மனைவி அவரை மாமியாராகப் பார்த்துப் பயந்து, பிறகு தோழியாக்கிக்கொண்டார்.

ஐம்பத்து மூன்றாம் வயதில் அக்காவின் குடலில் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரிய வந்தது. ஈரலுக்கும் பரவியிருந்தது. ஆறு முறை கீமோ கொடுத்தார்கள். அக்காவின் தலைமுடி போனது, நகங்கள் கறுத்தன, தண்ணீர்கூட இரும்பாய் ருசிக்கிறது என்றார். சபையார் முறை வைத்து உபவாசமிருந்து ஜெபித்தார்கள். அறுவை சிகிச்சைக்கு முன்னால் எடுத்த ஸ்கேனில் கட்டியைக் காணவில்லை. மருந்து இந்த அளவுக்கு வேலை செய்யுமென்று தான் எதிர்பார்க்கவே இல்லை என்றார் மருத்துவர். நாங்கள் மருத்துவமனை நடைபாதையிலேயே அழுதோம். அது அற்புதம்தான். அன்றும் நம்பினேன், இன்றும் அதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

குணமானவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வது நம் சபையின் வழக்கம். ஐந்து நிமிடம் தருவார்கள். அக்கா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். பிறகு படித்துப் பார்த்து, ஆறு கீமோவையும் மருத்துவர் சொன்னதையும் நானே எடுத்துவிட்டேன். கட்டி இருந்தது, சபை ஜெபித்தது, கட்டி மறைந்தது. கேட்கக் கச்சிதமாக இருந்தது. அக்கா மேடையில் தாளில் இருந்ததை அப்படியே வாசித்தார். சபையே எழுந்து நின்று கைதட்டியது. பலர் கைப்பேசியில் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு மலேசியாவில் ஜொகூர் வரைக்கும், தமிழ்நாட்டுக்கும்கூடப் போனது.

அதன்பின் அக்காவுக்கு ஓய்வே இல்லை. வீட்டு ஜெபக்கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். நோயாளிகள் அவர் கையைப் பிடித்துத் தங்கள் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து வலி திரும்பியது, கட்டியும்தான். நான்கு மாதம் அக்கா அதை என்னையும் என் மனைவியையும் தவிர யாரிடமும் சொல்லவில்லை. "நான் விழுந்தா அவங்க எல்லாம் விழுந்துருவாங்கடா" என்பார். உடம்பு இளைத்ததைப் பார்த்து, "சிஸ்டர், டயட்டா? அழகாயிட்டீங்க" என்று சபையில் கேட்டார்கள். அக்கா சிரித்துவைப்பார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுப்பார். சொல்லித் தொலை என்று நான் சண்டை போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

அந்தோணியால்தான் அது முடிவுக்கு வந்தது. துவாஸில் தொழிலாளர் விடுதியில் தங்கிக் கப்பல் பட்டறையில் வேலை செய்கிற தூத்துக்குடிக்காரர் அவர். ஞாயிறு தவறாமல் சபைக்கு வருவார். ஊரில் அவர் மனைவி ஜெயாவுக்கும் அக்காவுக்கு வந்த அதே நோய். ஒருநாள் ஆராதனை முடிந்து தேக்கா சந்தையில் மூவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அந்தோணி முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "அக்கா, உங்க சாட்சிய ஜெயாவுக்கு அனுப்பிட்டேன். அடுத்த கீமோ வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். உங்களுக்கு மருந்தே இல்லாமத்தானே கர்த்தர் சுகம் குடுத்தாரு?"

அக்கா குவளையைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா மருந்து இல்லன்னு? எனக்கு ஆறு கீமோ போச்சு தம்பி. இப்பவே ஊருக்குப் போன் போடுங்க. போகச் சொல்லுங்க."

அந்தோணி விழித்தார். பதிவில் அப்படி ஒரு வார்த்தைகூட இல்லையே என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு ரயிலில் போனோம். இறங்கி நடக்கும்போது அக்கா கேட்டார். "அத எதுக்குடா எடுத்த?"

"அஞ்சு நிமிஷம்தானே குடுத்தாங்க."

"பொய் சொல்லாத."

"அற்புதம் சின்னதாத் தெரியும்னு எடுத்தேன்."

"கடவுள் என்ன சின்னவரா, நீ பெருசாக்குறதுக்கு?" என்றார். அக்கா என்னிடம் கோபப்பட்டுப் பேசியதில் அதுதான் கடைசி. ஜெயா அந்த ஒரு கீமோவை இழந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு அக்கா போதகரிடம் மறுபடி ஐந்து நிமிடம் கேட்டார். இந்த முறை கையில் தாள் இல்லை. "போன தடவ நான் பாதிதான் சொன்னேன். எனக்கு மருந்து குடுத்தாங்க. டாக்டர் பார்த்தாங்க, நர்சுங்க பார்த்தாங்க. நீங்க ஜெபம் பண்ணீங்க. இது எல்லாத்துலயும் கர்த்தர் இருந்தாரு. இப்போ வியாதி திரும்பி வந்திருக்கு. நாலு மாசமா உங்ககிட்ட மறைச்சிட்டேன். மன்னிச்சிருங்க. யாரும் மருந்த நிறுத்தாதீங்க." அவ்வளவுதான் சொன்னார்.

யாரும் கைதட்டவில்லை. போதகர் மைக்கை வாங்கி வைத்துவிட்டு முழங்காலில் நின்றுவிட்டார். வெளியே வந்ததும் ஒரு மூத்த பெண்மணி அக்காவின் கையைப் பிடித்து, "விசுவாசத்துல எங்கயாவது குறை வச்சிட்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். நல்லெண்ணத்தில்தான் கேட்டிருப்பார். அக்கா அன்று இரவு சாப்பிடவில்லை. முதல் சாட்சியைப் பதிவு செய்த கைப்பேசிகளில் ஒன்றுகூட இரண்டாவதைப் பதிவு செய்யவில்லை. அதை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்பதற்காகவும்தான் இந்தக் கட்டுரை.

கடைசி மூன்று மாதம் அக்கா பெரும்பாலும் படுக்கையில்தான். நான் பொறுமையில்லாதவன். ஒருநாள் கேட்டே விட்டேன். "குணமாக்கினவரு ஏன் பாதியில விட்டாரு? அப்புறம் அந்த அற்புதத்துக்கு என்னதான் அர்த்தம்?"

அக்கா என் பக்கம் திரும்பிப் படுத்தார். "இயேசு உசிரோட எழுப்பினவங்க எல்லாம் இப்போ எங்கடா? அவங்களும் திரும்பச் செத்துத்தானே போனாங்க? சாவே வராதுன்னு அவர் யாருக்கும் எழுதிக் குடுக்கல. சுகமானவங்கள்ல எத்தனையோ பேர்கிட்ட, யாருகிட்டயும் சொல்லாதன்னு சொல்லித்தான் அனுப்பினாரு. ஏன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது. ஜனங்க சுகத்தப் பிடிச்சிக்குவாங்க, அவர விட்டுருவாங்க. முதல்ல எனக்கும் அவரோட பலம்தான் தெரிஞ்சிச்சு. செத்துப்போன சிநேகிதனோட கல்லறை முன்னாடி நின்னு அவர் அழுதாரு பாரு, அது கண்ணுலயே படல. எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் அழுதாரு. எழுப்பினத விட எனக்கு இப்போ அதுதான் பெருசாத் தெரியுது."

அக்காவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் கட்டிலின் அருகில் நான் பார்த்ததெல்லாம் வலிதான். தோலில் வலிமருந்துப் பட்டையை ஒட்டியும் அடங்காத வலி. என் மனைவி அக்காவின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சன்னல் வழியே பள்ளிப் பிள்ளைகளின் கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தபோது, அக்காவின் மூச்சு நின்றது. நான் ஜெபிக்கவில்லை. அதற்குப் பிறகும் ஜெபிக்க வரவில்லை.

அக்காவின் இரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தும்போது ஒவ்வொரு முறையும் "சாரி ஆண்ட்டி" என்று சொன்ன தாதியருக்கு நன்றி. வீட்டுக்கே வந்து வலிமருந்தின் அளவைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கு நன்றி. கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுக்கும், சவப்பெட்டியைத் தோளில் சுமந்த சாங்கி சரக்குப் பிரிவு நண்பர்களுக்கும், அன்று முழங்காலில் நின்ற போதகருக்கும் நன்றி. ஒன்றும் பேசாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களை நான் மறக்க மாட்டேன்.

இன்னும் ஒருவருக்கு, ஜெயாவுக்கு, நன்றி சொல்ல வேண்டும். நல்லடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து அந்தோணி எங்கள் வீட்டுக்கு வந்தார். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தோம். அக்காவின் பேச்சைக் கேட்டு ஜெயா கீமோவைத் தொடர்ந்துகொண்டிருந்தார். அக்காவுக்கு நோய் திரும்பியதும் அவருக்குத் தெரியும். இறந்ததை மட்டும் அந்தோணி சொல்லவில்லை. "சொன்னா எல்லாத்தையும் விட்டுருவா அண்ணே. அக்காவே போயிட்டாங்க, எனக்கு மட்டும் எதுக்குன்னு கேப்பா" என்று அழுதார். மறைக்கலாம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஒருமுறை உண்மையை எடுத்துவிட்டு நான் பட்டது போதும். அவர் கைப்பேசியை வாங்கி நானே ஜெயாவிடம் பேசினேன்.

"அக்கா போயிட்டாங்கம்மா. போன வாரம்."

அந்தோணி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

பிறகு ஜெயா கேட்டார். "ரொம்ப வலி இருந்துச்சாண்ணே?"

ஆறுதலாக ஏதாவது சொல்ல நாக்கு வரை வந்தது. "இருந்துச்சும்மா. ரொம்ப" என்றேன்.

"எனக்கும் இருக்குண்ணே. இங்க எல்லாரும் சுகமாயிரும் சுகமாயிரும்னுதான் சொல்றாங்க. வலிக்குதான்னு ஒருத்தர்கூடக் கேக்கல."

எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.