ஒப்படைப்புக்கு முன் ஒரு தரம்: சலாலாவின் சீனக் கல் மண்டபம்

நானும் கணவரும் ஒரே நாட்டில்தான் வேலை செய்கிறோம். அவர் சலாலாவில் தோட்ட வேலைகளுக்கு போர்மன், நான் சோஹாரில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில். நடுவில் ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். இந்த ஆகஸ்டில் நான் அங்கே ஓடியது கரீஃப் என்கிற பருவமழை பார்க்க இல்லை, ஒரு சீன மண்டபத்துக்காக.

கடற்கரை ஹோட்டல் ஒன்றின் தோட்டத்துக்கு அது கல் கல்லாக, இலக்கமிட்டு, சீனாவிலிருந்து வந்தது. ஆறு தூண், நுனி மேலே வளைந்த கூரை, தூணுக்குத் தூண் கல் இருக்கை, ஒரு பக்கம் மட்டும் வாசல். ஒரு கல்லின் முளையை மற்றக் கல்லின் குழியில் இறக்கித்தான் இவருடைய ஆட்கள் முழுவதையும் நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று மாதமாக இவர் போனில் என்னைச் சுகம் கேட்டதைவிட அதைப் பற்றிக் கதைத்ததுதான் கூட. எரிச்சலாக இருந்தது. பார்க்க ஆசையாகவும் இருந்தது.

ஞாயிறு காலை ஒன்பதுக்கு ஹோட்டல் தரப்பு கன்சல்டன்ட் இன்ஜினியர் வேலையைப் பார்த்துக் கையெழுத்து வைப்பார். அதன் பிறகு உள்ளே விருந்தினர் மட்டும். கட்டினவர்களுக்குக் காசு கொடுத்தாலும் கேட்டோடு சரி. அதற்கு முன் ஒரு தரமாவது நாங்கள் இருவரும் அதில் இருக்க வேண்டும் என்று லீவு போட்டேன்.

சனி மத்தியானம் சோஹாரில் ஏறி மூன்று மணித்தியாலத்தில் மஸ்கட். மாலை ஏழுக்கு சலாலா பஸ், எட்டு ரியால். விடிந்தபோது தும்ரைத் ஊரைத் தாண்டியாயிற்று. மலை இறக்கத்தில் மூடுபனி, முன்னால் போன லொறியின் விளக்குக்கூடத் தெரியவில்லை. பஸ் ஊர்ந்தது. எப்போது போய்ச் சேரும் என்று கேட்டேன், சாரதி வெள்ளையாய் மூடின முன்கண்ணாடியைக் காட்டிச் சிரித்தார். ஒன்பதரைக்கு இவருக்கு போன் எடுத்தேன். கன்சல்டன்ட் வந்துவிட்டுப் போய்விட்டார், நீர் வாரும் என்றார். அவ்வளவுதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

டாக்ஸிக்கு இரண்டு ரியால். கேட்டில் இவர் நின்றார், என்னை உள்ளே கூட்டிப்போனார். தூறலில் கருஞ்சாம்பல் மண்டபம் நின்றது. கூரை நுனிகளில் இருந்து தண்ணீர் வெளியே தள்ளி விழுந்தது, இருக்கைகள் காய்ந்தே கிடந்தன. கடற்பக்க இருக்கையில் போய் இருந்தேன். இருக்கைக் கல் டக்கென்று ஆடியது.

"இது ஆடுது."

"கன்சல்டன்டும் அதைத்தான் எழுதினவர். திருத்தினால்தான் கையெழுத்தாம். பின்னேரம் திரும்ப வருவார்."

மயிரிழை இடைவெளிக்கே ஆட்களைப் பிடித்துக் கத்துகிற மனுஷன் இவர். இவர் வேலையில் பிழை எழுதினதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். சட்டைப் பையில் இருந்து, இருக்கைக்கு அடியில் இறுக்குகிற ஒரு சின்னக் கல் ஆப்பை எடுத்துக் காட்டினார்.

"நேற்றே வைச்சிருக்கலாம். பனியில பஸ் பிந்தும் எண்டு தெரியும்."

பக்கத்தில் வந்து இருந்தார். கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் கழித்து, "நீர் எழும்பினால்தான் நான் இதை முடிக்கலாம்" என்றார். நான் எழும்பவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை.

போகிறவர்களுக்கு: ஜூலை, ஆகஸ்டில் மலையில் பஸ் பிந்தும், முக்கியமான வேலையைக் காலையில் வைக்காதீர்கள். பஸ் ஏசிக்கு ஸ்வெட்டர் வேண்டும். ஹோட்டலில் ஒரு தேநீர் வாங்கினால் தோட்டத்துக்குள் விடுகிறார்கள். கடற்பக்க இருக்கையில் போய் இருங்கள். இப்போது அது ஆடாது.