கோட்ஹோல்ட் லோஸே மடித்துப் போட்ட சீட்டு

கோட்ஹோல்ட் லோஸே முப்பத்தேழு வருஷமாகத் தன் ஊரின் புதுப் பெயரை வாயால் சொன்னதில்லை. அவர் பிறந்தது கெம்னிட்ஸில். ஊருக்குள் ஓடும் ஆற்றின் பெயர்தான் ஊருக்கும். ஜெர்மானியர் வருமுன் இங்கிருந்த ஸ்லாவியர், கல் நிறைந்த ஓடை என்ற பொருளில் வைத்தது. 1953இல் கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் அரசாங்கம் அதை ஒரே நாளில் 'கார்ல் மார்க்ஸ் நகர்' ஆக்கிவிட்டது. மார்க்ஸ் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததுகூட இல்லை.

லோஸே காலுறை ஆலையில் எந்திரம் பழுதுபார்ப்பவர். எதிர்த்துப் பேசுகிற ஆள் அல்ல. லைப்சிக் போய்த் திரும்பும்போது, தன் ஊரைத் தாண்டியிருக்கும் ஃப்ளோஹாவுக்கு டிக்கெட் கேட்பார்; முன்னாலேயே இறங்கிக்கொள்வார். அவ்வளவுதான் அவருடைய போராட்டம்.

"நல்ல வீரர்தான் போங்க!" என்பாள் மனைவி இர்ம்ஹில்ட். அவள் போர் முடிவில் பிரெஸ்லாவிலிருந்து ஓடிவந்தவள். அந்த ஊர் போலந்துக்குப் போய், பெயரும் போய்விட்டது.

பெர்லின் சுவர் விழுந்த அடுத்த வசந்தத்தில், எந்தப் பெயர் வேண்டும் என்று ஊராரையே கேட்டார்கள். மார்ச்சில் நடந்த முதல் சுதந்திரத் தேர்தலின்போது லோஸே காய்ச்சலில் கிடந்தார். ஆகவே நிஜமாக வாக்களிப்பது இதுதான் முதல் தடவை. காலையிலேயே பென்சில் சீவி, நல்ல கோட்டு போட்டுக்கொண்டு மனைவியோடு கிளம்பினார்.

பழைய ஆட்சியில் வாக்களிப்பது என்றால் சீட்டை வாங்கு, மடி, பெட்டியில் போடு; குறி எதுவும் வேண்டாம். மறைப்புக்குப் பின்னால் போனவன்மேல் ஒரு கண் விழும். அந்தப் பழக்கம் கையில் ஊறிக் கிடந்தது. இன்றும் கை வாங்கியது, மடித்தது, போட்டது.

பிறகுதான் சட்டைப்பையில் பென்சில் தட்டுப்பட்டது.

"இர்மா... நான் குறியே போடல."

"என்னது?"

"மடிச்சுப் போட்டுட்டேன்."

இர்ம்ஹில்ட் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"சிரிக்காத. உன் சீட்டுல எனக்காகக் கெம்னிட்ஸுக்குப் போடு."

சிரிப்பு நின்றது. "மாட்டேங்க."

"ஏன்?"

"நம்ம பசங்க ரெண்டு பேரும் பொறந்தது அந்த இன்னொரு பேர்ல. நாளைக்கு அப்படி ஒரு ஊரே இல்லன்னா, எங்க பொறந்தோம்னு சொல்வாங்க? அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். என் ஊருக்குப் பேர் மாத்துனப்போ என்னை யாரும் கேக்கல. இன்னைக்குக் கேக்குறாங்க. இதை உங்களுக்குத் தர மாட்டேன்."

மறைப்புக்குப் பின்னால் போனவள் நிதானமாகத்தான் வெளியே வந்தாள்.

கெம்னிட்ஸ் பெரும் வித்தியாசத்தில் வென்றது. சேதி வானொலியில் வந்தபோது தெருவில் ஒரே கூச்சல். லோஸே நாற்காலியை விட்டு எழவில்லை. இர்ம்ஹில்ட் இரண்டு கோப்பையில் பியர் ஊற்றி வந்தாள்.

"வாழ்த்துகள், கெம்னிட்ஸ்காரரே."

"நீ தோத்துட்டியே?"

"ஆமா, தோத்துட்டேன்," என்று நிறைவாகச் சொல்லிவிட்டு, கோப்பையை உயர்த்தினாள்.

ஆசைப்பட்ட பெயர் திரும்பக் கிடைத்த அந்த நாளில் லோஸேவுக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.