மருத்துவமனை வாசல் மூலை

எடெல்மீராவை யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் யாரையும் பிடிக்காது. மெக்சிகோவின் ஓஹாகாவிலிருந்து குடியேற்றக் காகிதம் எதுவும் இல்லாமல் கலிஃபோர்னியாவுக்கு வந்தவள். மருத்துவமனை வாசலருகே, பஸ் நிறுத்தத்து மூலையில், பத்தொன்பது வருஷமாகத் தள்ளுவண்டியில் பானை வைத்துத் தமாலே விற்கிறாள். சோளமாவுக்குள் கோழியும் மிளகாயும் வைத்து சோள மடலில் சுற்றி அவித்தது. வேலை முடிந்து வரும் நர்சுகள் வாங்குவார்கள். அவர்களிடமும் சிரிக்க மாட்டாள். நான்கு முறை போலீஸ் பானையைப் பிடுங்கியது. ஒருமுறை விலங்கு மாட்டியது. ஒவ்வொரு முறையும் மறுநாளே வேறு பானையோடு வந்து நின்றாள்.

மூலைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் வந்தவளுடையது மூலை. புதிதாக வருகிறவள் ஒரு கோப்பை சோளக்கஞ்சி கொண்டுவந்து, பக்கத்தில் நிற்கலாமா என்று கேட்க வேண்டும். எடெல்மீரா கஞ்சியைக் குடித்துவிட்டு முடியாது என்பாள்.

பிறகு மாநிலம் சட்டம் போட்டது. தெருவில் விற்பது இனிக் குற்றமில்லை, குடியுரிமை கேட்காமலே உரிமம் தருவார்கள் என்றார்கள். தேவாலயத்தில் தெரு வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் விண்ணப்பம் கொடுத்தார்கள். அவள் வாங்கவில்லை. வாங்கியவர்களையும் சும்மா விடவில்லை.

"பேரும் விலாசமும் எழுதிக் குடுங்கடி. அதை வச்சே ஒருநாள் நாடு கடத்துறவன் வீடு வீடா வந்து அள்ளிட்டுப் போவான்."

பாதிப்பேர் கிழித்துப் போட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை அவள் மூலையில் புத்தம்புது எஃகு வண்டி நின்றது. பின்னால் ருஃபினா. அதே ஊர்க்காரி, வந்து மூன்று வருஷம்தான்.

"வண்டியை எடுடி. இது என் எடம்."

"உன் பேரு எங்கக்கா எழுதியிருக்கு? என் பேரு இங்க ஒட்டியிருக்கு பாரு."

"கஞ்சி கொண்டாந்து கேட்டியா?"

"கொண்டாந்தேனே, போன வருஷம். சொட்டு விடாம குடிச்சிட்டுத் தொரத்துனே."

"மாவு பிசையத் தெரியாதவளுக்கு வண்டி ஒண்ணுதான் கேடு."

"உன் பேச்சைக் கேட்டிருந்தா நானும் உன்கூட ஓடிக்கிட்டுல்ல இருப்பேன்."

நகராட்சி ஆய்வாளர் அந்தப் பக்கமாக வந்தார். அந்தப் பச்சைச் சட்டையைக் கண்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடியே பழகிய எடெல்மீரா, அன்று கைதட்டிக் கூப்பிட்டாள்.

"இவ என் எடத்தைப் புடிச்சிட்டா. கேளுங்க சார்."

அவர் ருஃபினாவின் உரிமத்தைப் பார்த்தார். சரியாக இருந்தது. எடெல்மீரா பக்கம் திரும்பினார்.

"உங்களோடது எங்கம்மா?"

பானையைப் பிடுங்கியிருந்தால் கட்டிக்கொண்டு கத்தியிருப்பாள். அவர் தொடவில்லை. பையிலிருந்து ஒரு விண்ணப்பம் எடுத்து நீட்டினார்.

"எழுதிக் குடுங்க. ஆனா இந்த மூலை போயிடுச்சு. எதிர்ப்பக்கம் காலியாத்தான் இருக்கு."

எதிர்ப்பக்கம் கார் நிறுத்துமிடத்தின் நீளச் சுவர். அங்கே பஸ் நிற்காது. நர்சுகள் அந்தப் பக்கம் வருவதில்லை.

"பேனா வேணுமாக்கா?" என்றாள் ருஃபினா.

எடெல்மீரா அவரிடமே வாங்கினாள். பேர் எழுதினாள். விலாசம் கேட்ட இடத்தில் பேனா நின்றது. பிறகு, தாள் கிழியும்படி அழுத்தி, அதையும் எழுதினாள்.

தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தாள். சுவரோரம் நிறுத்தி மூடியைத் திறந்தாள். எதிரே மூன்று நர்சுகள் வாசலைவிட்டு வெளியே வந்தார்கள். ஒருத்தி இவளைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, ருஃபினாவிடம் இரண்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.