வெறும் பெட்டி

ஹாலிஎலைக்கு மணமுடித்துப் போன அக்காவின் வீட்டுக் கூரையில் தேனீக்கூட்டமொன்று வந்து அடைந்தது. அதை ஒரு மண்பானைக்குள் குடியேற்றிவிட்டு, பூனாகலைத் தோட்ட லயத்தில் எங்களிடம் சும்மா கிடந்த தேன்பெட்டியைக் கேட்டாள். பானையில் தேனீக்கள் நெடுநாள் நிலைப்பதில்லை.

அந்தப் பெட்டியிலிருந்த பழைய கூட்டம் நோயில் அழிந்திருந்தது. தேனீக் குஞ்சுப் புழுக்கள் தோலுக்குள் நீர்கோத்துச் செத்தன. பாவித்த பெட்டியை வேறிடம் கொண்டுபோவதென்றால் தேனடைகளை அகற்றி, உட்புறத்தைத் தீயில் வாட்டி, விவசாய அதிகாரியிடம் காட்டி அனுமதி பெற வேண்டும். சுரண்டியதும் வாட்டியதும் நானே.

அலுவலகத்தில் எனக்கும் அம்மாவுக்கும் பின்னால் நீண்ட வரிசை. "உள்ளே ஒன்றுமில்லை, ஐயா" என்று சிங்களத்தில் அழுத்தமாகச் சொன்னேன். அதிகாரி மூடியைத் திறந்தார். வாழையிலைத் துண்டின்மேல், உள்ளங்கையளவு கறுத்த அடை.

"இதுதான் ஒன்றுமில்லையா, தங்கச்சி?"

"சாம்பிள் காட்டுறாங்க போல" என்றார் வரிசையில் ஒருவர். சிரித்தார்கள்.

அம்மா பதறவில்லை. "நாந்தான் எடுத்து வச்சேன். பொண்ணு வாழப்போன வீட்டுக்கு வெறும் பாத்திரமே குடுக்க மாட்டோம், வெறும் பெட்டிய எப்பிடிக் குடுக்கிறது? சொல்லு அவருகிட்ட."

முகம் எரிய, ஒரு சொல்லும் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. "நோய் இந்த அடையில்தான் இருக்கிறது. மகளுக்கு அதைத்தான் அனுப்பப் பார்த்திருக்கிறீர்கள்."

அதையும் நானே அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா, "அப்ப வேற என்ன வைக்கலாம்னு கேளு" என்றார்.

"அம்மா, போதும்."

"கேளுடி."

கேட்டேன். ஒன்றும் வைக்கக் கூடாது என்றார் அதிகாரி. வரிசை மறுபடி சிரித்தது.

அடையை அலுவலகத்தின் பின்புறம் எரித்தார்கள். பெட்டியை மீண்டும் வாட்டித் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார்கள். வெளியே வந்து அக்காவைப் போனில் அழைத்தேன். எங்கும் வாகன இரைச்சல், ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆபீஸ்ல தாமதமாகுது..." என்று தொடங்கினேன்.

"ஆபீஸு இல்ல பாப்பா" என்று அம்மா போனை நோக்கிக் குறுக்கிட்டார். "நான் அடையை உள்ள வச்சிட்டேன். திருப்பி அனுப்பிட்டாங்க. திங்கக்கிழமை வரச் சொல்றாங்க."

"ஐயோ அம்மா! பூச்சியெல்லாம் பானைக்கு வெளிய கொத்தாத் தொங்குது. திங்கள் வரைக்கும் எங்க நிக்கும்?" அக்காவின் குரல் உயர்ந்தது. "ஒன்னை யாரு போகச் சொன்னா? அவளை மட்டும் அனுப்பியிருக்கலாமுல்ல?"

அந்த மூடி திறந்த கணத்திலிருந்து நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். ஸ்பீக்கரை நிறுத்துவதற்கு என் விரல் பொத்தானைத் தேடியது; அதற்குள் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.