பெரிய வேதமுத்துவும் நானும்

கால்பந்தின் தோலுக்குள் இருக்கும் ரப்பர் பையை வாயால் ஊதினால் உதட்டில் ஒரு கசப்பு ஒட்டிக்கொள்ளும். வேப்பங்கொழுந்தின் கசப்பும் இல்லை, கஷாயத்தின் கசப்பும் இல்லை, வெயிலில் காய்ந்த செருப்பை நக்கிப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு கசப்பு. பாளையங்கோட்டையில் நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் அந்தப் பையை ஊதும் உரிமை அணியின் முன்வரிசை நடுவில் "சென்டர்" ஆடுகிறவனுக்கு மட்டும்தான் உண்டு. முகம் சிவக்க ஊதி, அதன் வாலை மடக்கி நூலால் கட்டி, தோலுக்குள் திணித்து, வாரைக் கோத்து இறுக்கி, மேலே விளக்கெண்ணெய் பூசிப் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவன் மைதானத்துக்குள் நடந்து வருவதைப் பார்க்கச் சின்னப் பையன்கள் கூட்டமாக நிற்பார்கள். ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் அப்படி நடந்து வந்தவன் நான். எனக்கு அப்போது பதினாறு வயது.

நன்றாக ஆடினேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் நான் சொல்லாவிட்டால் சொல்வதற்கு வேறு ஆளில்லை. ஆனால் நான் எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஊரார் என்னை அழைத்த பெயர் "சின்ன வேதமுத்து."

காரணம் என் அப்பா. அவர் அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இளமையில் அந்தப் பள்ளி அணிக்கே கோல் காத்தவர். அவர் காலத்து சென்டர், அவருடைய உயிர்த் தோழர், வேதமுத்து என்று ஒருவர். நான் பிறந்த வருஷம், ஒரு மழை நாளில், மைதானத்தின் ஓரத்து வாகைமரத்தடியிலிருந்து அவர் உதைத்த பந்து எல்லார் தலைக்கும் மேலாகப் போய்த் தூத்துக்குடிக்காரர்களின் கோலுக்குள் விழுந்ததாம். அடுத்த மாதம் எனக்கு ஞானஸ்நானம். பிள்ளைக்குத் தன் தகப்பனாரின் பெயரை வைக்கப்போகிறார்கள் என்ற சந்தோஷத்தோடு அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களும் "கோயில்" என்றுதான் சொல்வோம். குருவானவர் என்னைக் கையில் வாங்கிக்கொண்டு பெயரைக் கேட்டதும் அப்பா "வேதமுத்து" என்று சொல்லிவிட்டார். தலையில் தண்ணீரும் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அம்மா அப்பாவோடு ஒரு வாரம் பேசவில்லை என்பார்கள்.

அந்த வேதமுத்து பிறகு கொழும்புக் கப்பல் ஏறி, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் உத்தியோகத்துக்குப் போய்விட்டார். போனவர் தன் புகழைக் கூடவே கொண்டுபோயிருக்கலாம். அதை மைதானத்திலேயே விட்டுவிட்டுப் போனார். நான் நடை பழகி, பந்து பழகி, அந்த மைதானத்தில் கால் வைத்தபோது அது எனக்கு முன்பாக அங்கே ஆடிக்கொண்டிருந்தது.

மைதானத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு சோடாக்கடை. கடைக்கார அண்ணாச்சி பழைய அணியின் ஆட்டம் ஒன்றையும் தவறவிடாதவர். எங்கள் ஆட்டத்தையும் ஒன்று விடாமல் பார்ப்பார். இரண்டு காலத்தையும் பார்த்தவர் என்பதால் ஊரில் யார் பெரிய ஆட்டக்காரன் என்ற வழக்குக்கு அவர்தான் கோர்ட்டு. ஒரு முறை, நாகர்கோவிலிலிருந்து வந்த அணியோடு ஆடும்போது, அதே வாகைமரத்தடியிலிருந்து நானும் ஒரு பந்தை உதைத்தேன். அதுவும் போய் விழுந்தது. மூச்சு வாங்க ஓடிவந்து அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன்.

"நல்லாத்தான் அடிச்செ," என்றார் அவர், சோடாப் புட்டியின் கோலியை அமுக்கிக்கொண்டே. "ஆனா அன்னைக்கு மழைலா! பந்து தண்ணியக் குடிச்சு பலாப்பழம் கணக்கா இருந்துச்சு. இது காஞ்ச பந்துலே."

சரி என்று ஐப்பசி மழைக்காகக் காத்திருந்தேன். தாமிரபரணியில் செம்மண் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடிய ஒரு சாயங்காலம், நனைந்து ஊறிக் கனத்த பந்தை, கால் விரல் நகம் பெயர, அதே இடத்திலிருந்து அடித்து உள்ளே போட்டேன். அண்ணாச்சி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து பார்த்தார். "மழை சரிதான். அன்னைக்கு காத்து எதுத்துலா அடிச்சுது," என்றார். எதிர்க் காற்றிலும் ஒரு நாள் அடித்தேன். அப்போது சொன்னார்: "அன்னைக்கு அவனுக்கு காய்ச்சல், தெரியுமா? கஞ்சிதான் குடிச்சிட்டு வந்தான்." அந்தக் கார்த்திகையில் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தபோது எனக்குத் தோன்றிய முதல் எண்ணம் மைதானத்துக்குப் போகவேண்டும் என்பதுதான். அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

அந்தக் கால ஆட்டக்காரனா, இந்தக் கால ஆட்டக்காரனா, யார் பெரியவன் என்று எழுதுகிறவர்களையும் பேசுகிறவர்களையும் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஆடிக்கொண்டிருக்கிறவனுக்குத்தான் கால் வழுக்கும், பந்து வெளியே போகும், ஒரு நாள் வயிறு சரியிருக்காது. ஆடி முடித்துக் கப்பலேறிப் போனவனுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. நான் ஒரு கோல் போட்டால் எனக்கு ஒரு கோல்தான். அதே நேரத்தில் சோடாக்கடையில் அவருக்கு ஒன்று கூடியிருக்கும். முகம் பார்த்திராத மனிதர்மேல் எனக்கு இருந்தது பொறாமைதான். வேறு நல்ல பெயர் வைத்து மழுப்ப மாட்டேன். சாப்பிடும்போதும் ஜெபம் பண்ணும்போதும் அது கூடவே இருந்தது. அவர் பெயருக்கு முன்னால் இருந்த "பெரிய" போகாவிட்டாலும் பரவாயில்லை, என் பெயருக்கு முன்னால் இருக்கும் "சின்ன" போகவேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் அவர் வந்தார். கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வெளியூர்களில் இருக்கிற சபையார் எல்லாரும் வந்து கூடுவார்கள். ஆட்டுக்கறியும் சோறுமாக "அசனம்" நடக்கும். அதற்கு முன்பு சாயங்காலம் பழையவர்களுக்கும் புதியவர்களுக்கும் ஒரு மேட்சு உண்டு. அந்த வருஷம் பெரிய வேதமுத்து சிலோனிலிருந்து வந்திறங்கினார் என்ற செய்தி காலை ஆராதனைக்கு முன்பே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே மைதானத்தில், ஒரே பந்தோடு, ஒரே காற்றில். இனிமேல் அண்ணாச்சி எந்த மழையைக் கொண்டுவந்து நிறுத்துவார் என்று பார்க்கலாம் என்ற நினைப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வந்தவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கழுத்தில்லாத, தொப்பை விழுந்த மனிதர். கோட்டைக் கழற்றி மடித்துச் சோடாக்கடை அண்ணாச்சியிடம் கொடுத்தார், பூட்ஸைக் கழற்றினார். எங்கள் மைதானம் முழுக்கச் சரள் மண். பல வருஷம் பூட்ஸுக்குள் இருந்து மெத்தென்று ஆகிவிட்ட பாதங்களோடு, "ஸ்... ஸ்..." என்று சொல்லிக்கொண்டு பைய நடந்து நடுவில் வந்து நின்றவர், ஏறக்குறைய ஆட்டம் முழுவதும் நின்ற இடத்திலேயே நின்றார்.

நான் ஓடினேன். அன்றைக்கு ஓடியதுபோல் அதற்கு முன்பும் பின்பும் நான் ஓடியதில்லை. நான்கு கோல் போட்டேன். எதிரே கோல் காத்தவர் அப்பா. அவர் பாய்ந்து பாய்ந்து விழுந்தார், முழங்கையெல்லாம் சிராய்ப்பு. கடைசிக் கோல் அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவே போனது. பழையவர்கள் ஒன்றுகூடப் போடவில்லை. கோயில் மதிலோரம் பெண்களோடு நின்ற அம்மா, ஒவ்வொரு கோலுக்கும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்குத் தெரிந்தது.

ஆட்டம் முடிகிற சமயம் அப்பா ஒரு பந்தை உயரத் தூக்கி அடித்தார். அது பெரிய வேதமுத்துவை நோக்கி இறங்கியது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் பின்னாலிருந்து பாய்ந்தேன், அதையும் பிடுங்கிவிடலாம் என்று. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வலது காலை மட்டும் லேசாகத் தூக்கினார். அவ்வளவு உயரத்திலிருந்து வந்த பந்து, தொட்டிலில் போட்ட பிள்ளை மாதிரி அந்தப் பாதத்தில் சத்தமில்லாமல் தங்கியது. அடுத்த கணம் ஒரு சின்னத் தட்டு. பந்து என் இரண்டு கால்களுக்கும் இடையே பின்பக்கம் உருண்டு போக, ஓடிவந்த வேகத்தில் நான் அவரைத் தாண்டிப் போய்ச் சரளில் விழுந்தேன். அந்தத் தட்டால் கோல் எதுவும் விழவில்லை. பந்தை வாங்கியவர் வெளியே அடித்துவிட்டார். ஆனால் கூட்டம் ஒரு விநாடி மூச்சை அடக்கிவிட்டு, பிறகு "ஹோ" என்று சத்தம் எழுப்பியது. அப்படி ஒரு சத்தம் என் நான்கு கோல்களுக்கும் சேர்த்துக்கூட எழவில்லை.

விளையாடி முடித்துக் கொக்கிரகுளம் ஆற்றில் குளிக்கப் போனோம். என்னோடு ஆடியவர்கள், என் அணிக்காரர்கள், கரை மணலில் என் பந்தை மேலே தூக்கிப் போட்டு அந்தத் தட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை என்னை வெறும் வேதமுத்து என்று அழைத்தவன் ஒருவன் கேட்டான்: "ஏலே சின்ன வேதமுத்து, நீதானல கிட்டத்துல நின்ன? கால எப்படி வச்சிருந்தாரு, சொல்லேன்." நான் தண்ணீருக்குள் முங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா முழங்கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே அம்மாவிடம் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார். "ஏட்டி, பாத்தியா அந்தத் தட்ட? இத்தன வருஷம் கழிச்சும் பாத்தியா?"

"நாலு கோல் போட்டது நம்ம பிள்ளைலா?" என்றாள் அம்மா.

"அது சரி," என்றார் அப்பா. "ஆனா அந்தத் தட்டு இருக்கு பாரு..."

மறுநாள் மத்தியானம் பெரிய வேதமுத்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அட்டைக்கடியைப் பற்றியும், தோட்டத்துக் குளிரைப் பற்றியும், கொழும்பில் அரிசி விற்கிற விலையைப் பற்றியும் பேசினார். என்னைப் பார்த்து, "ஒம் பேரென்னலே?" என்று கேட்டார். அப்பா பெருமையோடு சொன்னார். "அட, எம் பேரு!" என்று சிரித்துவிட்டு ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். நான் பொறுக்கமாட்டாமல், வாகைமரத்தடியிலிருந்து போட்ட அந்த கோலின்போது அவருக்குக் காய்ச்சலா என்று கேட்டேன்.

"எந்த வாகைமரம்?" என்றார் அவர்.

அப்பா பதறிப்போய், மழை, தூத்துக்குடிக்காரர்கள், எல்லார் தலைக்கும் மேலே போன பந்து என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்துப் பார்த்தார். "இருக்கும் வே. நீரு சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். என் வாழ்நாளில் எத்தனையோ பேர்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன்; ஆனால் அந்த நிமிஷத்தில் பட்டதுபோல் யார்மேலும் பட்டதில்லை. நான் நகம் பெயரப் பெயர எட்டிப் பிடிக்கப் பார்த்த ஒன்றை, அந்த மனிதர் எங்கோ வைத்து மறந்தே போயிருந்தார்.

அடுத்த வாரம் அவர் கப்பலேறினார். பிறகு வரவேயில்லை. நான் படித்து, வாத்தியாராகி, வேறு வேறு ஊர்களில் வேலை பார்த்தேன். வேலை பார்த்த ஊர்களிலெல்லாம், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, காலி மைதானத்தில் பந்தை உயரத் தூக்கிப் போட்டு அந்தத் தட்டைத் தட்டிப் பார்த்திருக்கிறேன். வந்ததேயில்லை. பந்து எப்போதும் துள்ளி ஓடிவிடும்.

உத்தியோகம் முடிந்து பாளையங்கோட்டைக்குத் திரும்பியிருக்கிறேன். மைதானத்தில் பாதி கட்டடங்களாகிவிட்டது. வாகைமரம் இல்லை, அது நின்ற இடம் எது என்று எனக்கே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பந்தை வாயால் ஊதுவதில்லை, பம்பு வைத்து அடிக்கிறார்கள். யாரும் விளக்கெண்ணெய் பூசுவதில்லை. சோடாக்கடை டீக்கடை ஆகியிருக்கிறது, ஆனால் வழக்கு மட்டும் அதே வழக்கு. போன மாதம் அங்கே நாலைந்து இளைஞர்கள், கல்கத்தாக்காரர்கள், பிரேசில்காரர்கள் என்று அந்தக் காலத்து ஆட்களையும் இந்தக் காலத்து ஆட்களையும் வரிசையாக நிறுத்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் சொன்னான்: "இவங்கள்லாம் என்னலே! நம்ம ஊர்லயே வேதமுத்துன்னு ஒருத்தர் இருந்தாராம். எங்க தாத்தா சொல்லுவாவ. வாகைமரத்துகிட்ட நின்னு ஒரு கோல். பண்டிகை மேட்சுல நாலு கோல். அதே மேட்சுல, பந்து வானத்துல இருந்து வருது, மனுசன் திரும்பிக்கூடப் பாக்கல, ஒரு தட்டு..."

வேதமுத்து. பெரியவரும் இல்லை, சின்னவனும் இல்லை, ஒரே ஆள். டம்ளரைக் கீழே வைத்தேன். ஐம்பது வருஷமாக நான் கேட்ட வரம் கிடைத்துவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அடுத்த கணம் விஷயம் புரிந்தது. வாகைமரத்து கோலும் தட்டும் போதாதென்று, நான் ஓடி ஓடிப் போட்ட நான்கையும் அந்த மனிதர் சாப்பிட்டு ஏப்பம் விட்டிருக்கிறார், அதுவும் இலங்கையில் எங்கோ மண்ணுக்குள் படுத்துக்கொண்டே.

எழுந்து அவர்கள் பெஞ்சுக்குப் போனேன். "தம்பி, அந்த நாலு கோலும் அவரு போடல. அத போட்டது வேற ஆளு," என்றேன்.

"யாரு தாத்தா?"

என் வாயால் நான் ஒருபோதும் சொல்லாத பெயர் அது. வேறு வழியில்லை.

"சின்ன வேதமுத்து," என்றேன்.

அந்தப் பையன் தன் கூட்டாளிகளைப் பார்த்தான். அவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். "அப்படி ஒரு ஆளு இருந்ததாக் கேள்விப்பட்டதே இல்லியே," என்றான் அவன், மரியாதையாக.